'டிராட்' என்னும் ஆங்கிலச் சொல்



ஆங்கிலப் பாட வேளையில் ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தோம். 'என் அண்ணன்' என்பது தலைப்பு. என் அண்ணன் உயரமானவன், என் அண்ணன் நல்லவன், என் அண்ணனுக்குக் கோழிக்கறி பிடிக்கும் என்று வழக்கமான வாக்கியங்களாகத் திருத்திக்கொண்டே வந்த நாம், ஒரு பையனின் புத்தகத்தில் நின்றுவிட்டோம். தன் அண்ணன் மூன்று நாள் 'ஆன் த டிராட்' தொழிற்சாலைப் பஸ்ஸைத் தவறவிட்டான் என்று அவன் எழுதியிருந்தான்.

டிராட் என்றால் குதிரையின் ஒரு நடை. பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். சிவப்பு மையால் அந்தச் சொற்களின்மேல் ஒரு கோடு இழுத்தோம். இழுத்ததோடு நின்றிருக்கலாம். பையனை எழுப்பி, "உன் அண்ணன் குதிரையிலா வேலைக்குப் போகிறான்?" என்றும் கேட்டோம். வகுப்பே சிரித்தது. "பேப்பர்ல பந்து விளையாட்டுப் பக்கத்துல இருந்துச்சு சார்" என்றான் பையன். "பேப்பரில் தப்பாகப் போட்டிருப்பார்கள். உட்கார்" என்றோம்.

மறுநாள் அவன் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மளிகைக் கடையில் சாமான் மடித்துக் கொடுத்த தாள். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஏதோ ஓர் ஆங்கிலேயக் காற்பந்துக் குழு மூன்று ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தோற்றதைச் சொல்லும் வாக்கியம். அதில் அதே மூன்று சொற்கள் இருந்தன. பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தான்.

நம் கைப்பையில் இருந்த சிறிய அகராதியில் குதிரை மட்டுமே இருந்தது. சனிக்கிழமை பட்டணத்து நூலகத்திற்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினோம். குதிரையில் தொடங்கிய அந்தச் சொல், பக்கத்தின் பாதிவரை இறங்கிக்கொண்டே போயிற்று. அன்று அங்கே கண்டவற்றையும், அதன் பிறகு தேடிச் சேர்த்தவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் குதிரையையே பார்த்துவிடுவோம். ஏனெனில் மற்ற பொருள்கள் பெரும்பாலும் அதன் முதுகில் ஏறி வந்தவைதாம்.

குதிரை சாதாரணமாக நடக்கும்போது நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுகின்றன. நான்கு ஓசை கேட்கும். நாம் சொல்லும் டிராட்டில் இரண்டே ஓசைதான். வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து ஊன்றும். அடுத்து இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து ஊன்றும். இதை இந்த உரைக்காகத் 'துள்ளுநடை' என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உடனே செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளையின் பின்னால் இன்னொரு பிள்ளை அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். முன்னவன் வலது காலை எடுத்து வைக்கும் அதே நேரத்தில் பின்னவன் இடது காலை எடுத்து வைக்க வேண்டும். அதுதான் துள்ளுநடை. இருவரும் ஒரே பக்கத்துக் காலை எடுத்து வைத்தால் அது வேறு நடை; அதற்கு ஆங்கிலத்தில் 'பேஸ்' என்று பெயர். வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் கீழே விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த நடையில் குதிரை மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் போகும். நடப்பதைவிட வேகம், பாய்ச்சலைவிட மெதுவு. நெடுந்தூரம் களைக்காமல் போவதற்கு ஏற்றது. ஆனால் மேலே இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால்தான் ஓசைக்கு ஓசை சேணத்தில் எழுந்து எழுந்து உட்காரக் குதிரை ஏறுவோர் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த நடையைப் பற்றிய ஒரு வழக்கு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்தது. குதிரை இப்படி ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா, இல்லையா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கால்கள் அவ்வளவு விரைவாக மாறுகின்றன. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்பாதை முதலாளியுமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை 1872இல் இதற்காக அமர்த்தினார். ஸ்டான்ஃபோர்டிடம் 'ஆக்சிடென்ட்' என்று பெயர் கொண்ட துள்ளுநடைக் குதிரை ஒன்று இருந்தது. விபத்து என்று எண்ணிவிட வேண்டாம்; மேற்றிசை என்று பொருள்படும் வேறு சொல் அது. 1878 ஜூன் மாதத்தில் பாலோ ஆல்டோவில் இருந்த ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில், ஓடுபாதை ஓரமாகக் கேமராக்களை வரிசையாக வைத்துக் குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றாகப் படம் விழும்படி மைப்ரிட்ஜ் ஏற்பாடு செய்தார். படங்களில் விடை இருந்தது. ஒரு சோடிக் கால்களிலிருந்து மறு சோடிக்கு மாறும் இடைவெளியில் குதிரை முழுவதுமாகக் காற்றில் மிதக்கிறது.

அதே நாள்களில் எடுத்த பாய்ச்சல் படங்கள் ஓவியர்களையும் திகைக்க வைத்தன. முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு குதிரை பறப்பதாக அவர்கள் காலங்காலமாக வரைந்து வந்தார்கள். படத்திலோ, கால்கள் நான்கும் வயிற்றின்கீழ் மடங்கியிருக்கும் நொடியில்தான் பாயும் குதிரை தரையை விட்டு எழும்பியிருந்தது. நிற்க.

சொல்லின் பிறப்பு நீளமானதன்று. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து சுமார் 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்திற்கு வந்தது. பிரெஞ்சு மொழி அதை ஜெர்மானியக் கிளை மொழிகளிலிருந்து பெற்றது. மிதித்தல் என்று பொருள்படும் 'டிரெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது உறவு.

இனி, குதிரையை விட்டு இறங்கி அந்தச் சொல் எங்கெல்லாம் போயிற்று என்று பார்ப்போம்.

குதிரையை விற்க வருபவர் அதை லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, வாங்குபவர் முன்னிலையில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுக் காட்டுவார். அதற்கு 'டிராட் அவுட்' என்று பெயர். பிறகு, ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்ப எடுத்து நம்முன் ஓடவிட்டுக் காட்டுவதற்கும் அதுவே பெயராயிற்று. வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளை 'மின்சாரம் போய்விட்டது' என்ற காரணத்தை மாதத்தில் நான்கு முறை சொன்னால், அந்தக் காரணத்தை அவன் 'டிராட் அவுட்' செய்கிறான் என்போம். பழைய குதிரை, புதிய சேணம். கேட்பவருக்குச் சலிப்பு உண்டு என்ற குறிப்பும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் நல்ல சான்று ஒன்றை எடுத்துக்காட்டினார் என்று பாராட்டும் இடத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

நம் பையன் எழுதிய 'ஆன் த டிராட்' அடுத்தது. ஓய்வில்லாமல் அலைந்துகொண்டிருப்பதை முதலில் அப்படிச் சொன்னார்கள். காலையிலிருந்து இரவுவரை வேலைக்காரி உட்காரவே இல்லை என்றால், அவளை 'ஆன் த டிராட்' வைத்திருந்தார்கள் என்பார்கள். நிற்காமல் ஓடுவது என்ற அந்தக் கருத்திலிருந்து, இடைவெளி இல்லாமல் தொடர்ந்தாற்போல் என்ற பொருள் கிளைத்தது. மூன்று நாள் தொடர்ந்து, ஐந்து ஆட்டம் தொடர்ந்து. நாம் கோடு இழுத்த இடத்தில் பொருள் அப்பழுக்கில்லாமல் பொருந்தியிருந்தது.

ஒன்றை மட்டும் ஆசிரியர் என்ற முறையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் பேச்சு வழக்கு. அமெரிக்கர் பலருக்கு இது பழக்கமில்லை. அவர்கள் 'இன் எ ரோ' என்பார்கள். அரசாங்கத்திற்கு எழுதும் கடிதத்திலோ தேர்வுக் கட்டுரையிலோ 'ஆன் த டிராட்' சற்று இலேசாகத் தோன்றும். ஆகவே அந்தச் சொற்களின்கீழ்ப் புள்ளி வைத்து, 'பேச்சு வழக்கு' என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். பிழை என்று எழுதியிருக்கக் கூடாது.

ஆஸ்திரேலியர் இதையே அதிர்ஷ்டத்திற்குக் கொண்டுபோனார்கள். நல்ல காலம் தொடர்ந்து அடித்தால் 'குட் டிராட்'; தொட்டதெல்லாம் கெட்டால் 'பேட் டிராட்'. நாம் 'அவனுக்கு இப்போது நேரம் சரியில்லை' என்போமே, அந்த இடம்.

அதே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பன்மையில் 'த டிராட்ஸ்' என்றால் குதிரைப் பந்தயம். சவாரி செய்யும் பந்தயமன்று. இரு சக்கரமுள்ள சிறு வண்டியைக் குதிரை இழுக்க, வண்டியில் அமர்ந்து ஓட்டும் பந்தயம். துள்ளுநடைப் போட்டியில் குதிரை அந்த நடையிலேயே ஓடி முடிக்க வேண்டும். ஆர்வ மிகுதியால் பாய்ச்சலில் இறங்கிவிட்டால் ஓட்டுபவர் இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். மெதுவான பந்தயம் என்று எண்ண வேண்டா. 1903இல் லூ டில்லன் என்ற அமெரிக்கப் பெண் குதிரை இந்த நடையிலேயே ஒரு மைல் தூரத்தை 2 நிமிடத்தில் ஓடி முடித்தது. துள்ளுநடைக் குதிரைகளில் அந்த வேகத்தை முதலில் எட்டியது அதுதான்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. 'த டிராட்ஸ்' என்ற அதே பன்மைச் சொல்லுக்குப் பேச்சு ஆங்கிலத்தில் வயிற்றுப்போக்கு என்றும் பொருள். நோயாளி அடிக்கடி விரைந்து போய்வர வேண்டியிருப்பதால் இந்தப் பெயர். ஆகவே, 'சனிக்கிழமை முழுவதும் எனக்கு டிராட்ஸ்' என்று ஒருவர் சொன்னால், அவர் பந்தயத் திடலில் இருந்தாரா, வீட்டின் பின்புறத்தில் இருந்தாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலேயர்மீது நாம் சிரிக்க வேண்டியதில்லை. தமிழில் அதை 'வயிற்றோட்டம்' என்கிறோம். அவர்களுக்குக் குதிரை ஓடுகிறது. நமக்கு வயிறே ஓடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் கண்டுபிடித்த பொருள் ஆசிரியர்களுக்கு மிகவும் வேண்டியது. லத்தீன், கிரேக்க நூல்களைத் தாமே படித்துப் பொருள் காண வேண்டிய மாணவர்கள், யாரோ செய்துவைத்த மொழிபெயர்ப்பை மேசைக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பார்கள். அந்த மொழிபெயர்ப்புக்கு 'டிராட்' என்று பெயர். 'போனி', அதாவது மட்டக் குதிரை, என்றும் சொல்வதுண்டு. சொந்தக் காலால் நடக்காமல் இன்னொன்றின் முதுகில் ஏறிப் போவது! பயிற்சி நூலின் கடைசித் தாள்களில் உள்ள விடைகளைப் பார்த்து எழுதுபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள்.

உலகத்தைச் சுற்றித் திரிபவரைக் 'குளோப் டிராட்டர்' என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1926இல் சிகாகோவில் தோன்றிய ஒரு கூடைப்பந்துக் குழு 'ஹார்லம் குளோப் டிராட்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. ஹார்லம் இருப்பதோ நியூயார்க்கில். சொந்த ஊரையே மாற்றிச் சொல்லிக்கொண்ட குழு, பின்னால் உண்மையிலேயே உலகெங்கும் போய் ஆடியது. இனி, சாப்பாட்டுக் கடைப் பட்டியலில் 'டிராட்டர்ஸ்' என்று இருந்தால் அது பன்றியின் அல்லது ஆட்டின் கால். சொல் ஒன்றுதான், ஓடுவது நின்றுபோயிற்று.

அமெரிக்கத் தென்பகுதியில் 'டாக் டிராட்' என்று ஒருவகை மரவீடு உண்டு. ஒரே கூரையின்கீழ் இரண்டு அறைகள். இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் திறந்த ஒரு வழி. வெப்ப நாடானதால் காற்று அந்த வழியே ஓடி வீட்டைக் குளிர்விக்கும். வீட்டு நாயும் அதன் வழியே ஓடும். அதனால் நாயின் பெயரே வீட்டிற்கு ஆயிற்று என்பர். இந்த வீட்டை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்ப வருவோம்.

நடனத்திற்கும் இந்தச் சொல் போயிருக்கிறது. 'ஃபாக்ஸ் டிராட்' என்பது முதலில் குட்டைக் குட்டையாக அடி வைக்கும் ஒரு குதிரை நடைக்குப் பெயர். 1914ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் ஒரு சோடி நடனத்திற்கு அந்தப் பெயர் வந்தது. ஹாரி ஃபாக்ஸ் என்ற மேடைக் கலைஞரின் பெயரும் அதில் கலந்திருக்கிறது என்பர். விமானிகளும் வானொலித் தொடர்பாளர்களும் எழுத்துகளைத் தெளிவாகச் சொல்வதற்கு 1956 முதல் பயன்படுத்தும் சொல் வரிசையில் 'எஃப்' என்ற எழுத்துக்குப் பெயர் 'ஃபாக்ஸ் டிராட்' தான். ஆட்டத்திலிருந்து ஆகாயத்திற்கு!

அது மேலும் போயிற்று. 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்த கொரியாவில், இரட்டைத் தாளத்தில் அமைந்த ஒருவகை உருக்கமான பாட்டு தோன்றியது. 'ஃபாக்ஸ் டிராட்'டின் பாதியை வெட்டி, அந்தப் பாட்டிற்குத் 'டிராட்' என்றே பெயரிட்டார்கள். பழைய தலைமுறையின் பாட்டு என்று இளையோர் ஒதுக்கி வைத்திருந்த அது, 2020இல் 'மிஸ்டர் டிராட்' என்ற தொலைக்காட்சிப் போட்டியால் மறுபடியும் அங்கே வீடுவீடாகப் புகுந்தது. நம் தோட்டத்தில் கொரிய நாடகம் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோதுதான், குதிரையைப் பற்றிய பாடத்தில் அவர்களுக்கு அக்கறை பிறந்தது.

உருவம் ஒன்றாக இருந்தும் உறவில்லாத சொற்களும் உண்டு. பிரிட்டனில் இடதுசாரி அரசியல்வாதி ஒருவரை ஏளனமாக 'டிராட்' என்று சொன்னால், அவர் லியோன் டிராட்ஸ்கியின் கொள்கையைப் பின்பற்றுபவர் என்று பொருள். 1940இல் மெக்சிகோவில் கொல்லப்பட்ட அந்த ரஷ்யப் புரட்சியாளருக்கும் குதிரைக்கும் தொடர்பில்லை. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' கதையில் டேவிட்டின் பாட்டி முறையான பெட்சி டிராட்வுட், தன் குடும்பப் பெயரை அவனுக்குச் சூட்டி, அதைச் சுருக்கி 'டிராட்' என்றே அழைப்பார். அங்கும் குதிரையைத் தேடக் கூடாது. அது வீட்டுச் செல்லப் பெயர்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா, ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களிடம் 'நடை' என்ற நம் சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம். கால்களால் நடப்பது நடை. எழுத்தாளரின் மொழிப் போக்கு நடை. ஒழுக்கம் நடை. கிணற்றிலிருந்து மூன்று நடை தண்ணீர் கொண்டுவந்தாள் என்றால் போய்வரும் தடவை. வாசலிலிருந்து வீட்டிற்குள் போகும் இடைவழியும் நடை. அமெரிக்க மரவீட்டின் நடுவழியை நினைத்துப் பாருங்கள். ஓடும் நாயின் பெயர் அவர்கள் வீட்டில் நின்றுவிட்டது; நடக்கும் காலின் பெயர் நம் வீட்டில் நின்றுவிட்டது. தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒருவரிடம் 'கோயில் நடை சாத்தியாயிற்று' என்று சொன்னால், அவருடைய சிறிய அகராதி அவரை எங்கே கொண்டுபோய் விடும்?

குதிரை நடைக்கே உரிய சொல் நம்மிடம் 'கதி'. குதிரைக்கு ஐந்து நடை உண்டு என்று கொண்டு, அவற்றை 'ஐங்கதி' என்றார்கள் முன்னோர். அந்தக் கதிதான் தாளத்தில் திசிர கதி என்று வருகிறது. 'நீயே கதி' என்னும்போது புகலிடம் ஆகிறது. 'அவன் கதி என்ன ஆயிற்று?' என்னும்போது நிலைமை ஆகிறது. 'அதோகதி' ஆகும்போது வீழ்ச்சியே ஆகிறது. குதிரை நடந்த அதே வழியில்தான் நம் சொல்லும் நடந்திருக்கிறது.

நூலகத்திலிருந்து வந்த மறு திங்கட்கிழமை, அந்தப் பையனின் புத்தகத்தை வாங்கிச் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, நீ எழுதியது சரி, நாங்கள் அறியாமல் திருத்திவிட்டோம் என்று வகுப்பு முன்னிலையில் சொன்னோம். "பரவால்ல சார்" என்றான். அதன்பின் பல மாதங்கள் அவன் புத்தகத்தில் பிழையே இல்லை. பாட நூலில் உள்ள சொற்களை மட்டுமே, பாட நூலில் உள்ளபடியே எழுதினான். சரி என்ற குறியை இட இட நமக்கு உறுத்திற்று.

ஆண்டு இறுதியில் ஒருநாள், செம்பனைக் குலை ஏற்ற வந்த லாரி பள்ளி வாசலில் நின்றிருந்தது. அந்தப் பையன் அதன் முகப்பில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு நம்மிடம் வந்தான். "கேன்டர்னா என்னா சார்?" என்று கேட்டான்.

அதுவும் ஒரு குதிரை நடைதான் என்று நமக்குத் தெரியும். ஆனால் அவ்வளவுதான் தெரியும். "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றோம். 1170இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதியைத் தரிசிக்கக் கேன்டர்பரி நகருக்குக் குதிரையில் போன யாத்திரிகர்கள், பாய்ச்சலும் இல்லாமல் நடையும் இல்லாமல் நிதானமாக ஓட்டிச் சென்ற வேகத்திற்கு 'கேன்டர்பரி பாய்ச்சல்' என்று பெயர். பின்னால் 'பரி'யும் போய், பாய்ச்சலும் போய், கேன்டர் மட்டும் நின்றது என்று மறுநாள் சொன்னோம். அவன் அதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, "அப்ப லாரிக்கு ஏன் சார் வச்சாங்க?" என்று கேட்டான்.